ஐந்தாவது சேவல்

காட்டுச்சேவலின் கூவல் கேட்டால், அங்கே ஒரு சேவல் நிற்கிறது என்று எழுதாதீர்கள். கூவல் கேட்டது என்று மட்டும் எழுதுங்கள். இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது ஐம்பத்தெட்டு வயதில், ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது. அதுவரைக்கும் நான் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சேவலின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். சிறகை விரித்து, கொண்டைப் பூவைச் சிவக்க வைத்து, தன்னைப் பெரிதாக்கிக் காட்டுவதைத்தான் எங்கள் வனவிலங்குக் கந்தோரில் ஆட்டம் என்போம். அதைச் சொல்கிறேன். ஆனால் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் நான் சொல்வது அரைக் கதை.

வவுணதீவுக்கு மேற்கே, வயல் வட்டைகள் முடிந்து பற்றைக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. குளக்கட்டுக்குப் பின்னால் யானை படுத்திருப்பது போல ஒரு நீளப் பாறை. பாறையைச் சுற்றிப் பாலையும் வீரையும் சூரைமுள்ளும். அந்தக் காட்டை வெட்டி மரமுந்திரிகை நடுவதற்கு ஒரு திட்டக்காரர் காணி கேட்டிருந்தார். அவர் கேட்டதைக் கொடுப்பதற்கு முன்னால், அங்கே காட்டுச்சேவல் எத்தனை இடம் பிடித்து நிற்கின்றன என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் கந்தோருக்குக் கடிதம் வந்தது. எத்தனை இருந்தால் காடு தப்பும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எண் பெரிதாக இருந்தால் யோசிப்பார்கள், சிறிதாக இருந்தால் வெட்டுவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வேலை இரண்டு பேருக்கு. பாறைக்குத் தெற்கே நான், வடக்கே ரிஸ்வானா. ரிஸ்வானா ஏறாவூர்ப் பிள்ளை. வேலைக்கு வந்து இரண்டு வருடம். நான் இருப்பது தன்னாமுனை. இருட்டோடு அவள் தன் ஸ்கூட்டியில் வந்து தன்னாமுனைச் சந்தியில் நிற்பாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது வாவிக்குள் தோணிகளின் வெளிச்சம் தெரியும். குளத்தடிக்குப் போய்ச் சேரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

பங்குனி மாதம். அறுவடை முடிந்து, சேவல்கள் இடத்துக்கு அடிபடுகிற காலம். அந்த வருடம் நோன்பும் அதே மாதத்தில்தான் வந்தது. ரிஸ்வானா சஹருக்கு எழும்பி, சாப்பிட்டு, தொழுதுவிட்டு நேரே வருவாள்.

குளக்கட்டின் அடியில் பூபாலப்பிள்ளை அண்ணனின் மாட்டுப்பட்டி. அறுபதைத் தாண்டிய மனிதர். பட்டிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு வாடியில் இருந்தார். முதல் நாளே எங்களுக்கு ஆனை வருகிற வழியைக் காட்டித் தந்தவர் அவர்தான். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து திரும்பும்போது அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்.

"வாங்க ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. இண்டைக்கு எத்தினை கூவின?"

நான் பலகையில் இருந்து குடிப்பேன். எத்தனை கூவியது, எந்தப் பக்கம் கூவியது என்று எல்லாம் சொல்வேன். நோன்பாளி ரிஸ்வானா ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் நான்கு நாளும் எங்கள் இருவரின் கணக்கும் ஒன்றாகவே இருந்தது. நான்கு சேவல். காட்டுச்சேவல் விடியற்காலையில் தனக்கென்று வைத்திருக்கும் ஒன்றிரண்டு கொப்புகளில் இருந்துதான் கூவும். நாள்தோறும் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போனால், புள்ளிகள் ஓரோர் இடத்தில் குவியும். ஒரு குவியல் என்றால் ஒரு சேவல்.

ஐந்தாம் நாள் என் பக்கத்தில் புதிதாக ஒரு கூவல். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மேற்கே இன்னொன்று. ஏழாம் நாள் ஆகும்போது என் வரைபடத்தில் ஏழு குவியல். ரிஸ்வானாவின் வரைபடத்தில் அதே நான்கு.

"என்ன புள்ள, உனக்கு மட்டும் ஒண்டும் கேக்குதில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கேக்கல்ல சேர். பாறை மறைக்குது போல."

பாறை மறைக்கும்தான். ஆனால் பாறையின் மேற்கு நுனியில் நின்று ஒரு சேவல் கூவினால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். முதல் நான்கு சேவலும் அப்படித்தானே இருவருக்கும் கேட்டன? அன்று வலையிறவுப் பாலத்தைக் கடந்து வரும்போது எனக்குள் ஒன்று கிளம்பியது. இந்தப் பிள்ளை உண்மையில் தன் இடத்துக்குப் போகிறாளா? ஆனைக்குப் பயந்து பாதி வழியில் நின்றுவிடுகிறாளா? நோன்பு உடம்பு, விடிய மூன்று மணிக்கு எழும்புகிறாள், மரத்தில் சாய்ந்து தூங்கிவிடுகிறாளா? தூங்கி எழும்பி நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதுகிறாளா?

இப்படி ஒரு நினைப்பு மனதில் ஏறிவிட்டால், பிறகு நடப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும். அவள் கொட்டாவி விட்டால், ஆ, பார். அவள் கொப்பி துப்புரவாக இருந்தால், காட்டுக்குள் இருந்து எழுதின கொப்பி இவ்வளவு துப்புரவாக இருக்குமா? அவள் என்னிடம் கேள்வி கேட்டால், தன் பிழையை மறைக்கக் கேட்கிறாள்.

கேள்வி கேட்கத்தான் செய்தாள். ஒன்பதாம் நாள் இரண்டு வரைபடங்களையும் ஸ்கூட்டி இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டுச் சொன்னாள்.

"சேர், ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்கட அஞ்சாவது, ஆறாவது, ஏழாவது சேவல் மூண்டும் ஒரே நாளில கூவினதே இல்ல. ஒரு நாளைக்கு ஒண்டுதான் கூவுது. அஞ்சாவது கூவின நாள் ஆறாவது இல்ல. ஆறாவது கூவின நாள் ஏழாவது இல்ல."

"அதால?"

"அது ஒரே சேவலா இரிக்கலாம். இல்லாட்டி..."

"புள்ள, நான் இந்த வேலைக்கு வரக்கே நீ பிறக்கவே இல்ல" என்றேன்.

அவள் வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டாள். அவள் சொன்னது சரியா என்று நான் என் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். "எங்கட புள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று பூபாலப்பிள்ளை அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதையும் நான் அவருடைய நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பால் தந்தவரை நான் சந்தேகிக்கவில்லை. பால் குடிக்காதவளைத்தான் சந்தேகித்தேன்.

பதினோராம் நாள் விடிய, கூவல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நான் என் இடத்தை விட்டு எழும்பினேன். சருகு மிதிபடாமல் பாறையின் மேற்கு நுனியைச் சுற்றிப் போய், ஒரு வீரை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ரிஸ்வானா நான் காட்டித் தந்த அதே இடத்தில் இருந்தாள். நிமிர்ந்து இருந்தாள். மடியில் கொப்பி. ஒரு கூவல் கேட்டதும் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், எழுதினாள். அவளுக்கு முன்னால் கொஞ்சத் தூரத்தில் ஒரு சேவல் இரண்டு பேட்டுக்கு நடுவில் ஒரு சிறகைத் தாழ்த்தி அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இன்றைக்குச் சரியாக இருக்கிறாள், மற்ற நாளில் எப்படியோ என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

வந்த வழியாகத் திரும்பாமல் பற்றைக்குள்ளால் குறுக்கே இறங்கினேன். அப்போதுதான் ஐந்தாவது சேவலின் கூவல் மிகப் பக்கத்தில் கேட்டது. குந்தினேன். சூரைப்பற்றைக்கு அங்கால் ஒரு சின்ன வெளி. வெளியின் நடுவில் ஒரு கறையான் புற்று. புற்றுக்கு முன்னால் ஒரு காட்டுச்சேவல்.

அது என் தெற்குப் பக்கத்துச் சேவல். இரண்டாவது குவியலின் சொந்தக்காரன். வாலில் ஒரு இறகு முறிந்திருப்பதால் எனக்கு அடையாளம் தெரியும். எதிராளியைக் கண்ட சேவலுக்கு என்னவெல்லாம் வருமோ அதெல்லாம் வந்திருந்தது. உடம்பை நிமிர்த்திச் சிறகை உர்ரென்று அடித்தது. பூவின் சிவப்புக்கு நடுவில் இருக்கும் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. பக்கவாட்டில் திரும்பித் தன் நீளத்தைக் காட்டியது. காட்டிவிட்டு, கேட்டது. புற்றிலிருந்து கூவல் வந்தது. சேவல் பாய்ந்து கால்முள்ளால் புற்றை அடித்தது. அடித்துவிட்டுப் பின்வாங்கி நிலத்தைக் கொத்தியது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத சேவல் அப்படித்தான் சும்மா நிலத்தைக் கொத்தும். மறுபடி கூவல். மறுபடி பாய்ச்சல். அதன் நெஞ்சில் இறகு போய்த் தோல் தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி அடிபடுகிறதோ?

எதிராளி எங்கே? ஆட்டம் என்றால் இரண்டு பேர் வேண்டும். எதிரில் நிற்பவன் ஒரு அடி வைத்தால் இவன் ஒரு அடி வைப்பான். இங்கே எதிரில் மண் மட்டும்தான் இருந்தது.

அடுத்த கூவலைக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். கூவலுக்குப் பின்னால், மெல்லிதாக, மாட்டு மணி இரண்டு தரம் கிணுங்கியது. அதற்கடுத்த கூவல். அதே இரண்டு கிணுங்கல். இன்னொரு கூவல். அதே இரண்டு. பட்டி அந்தக் கிழமை முழுக்கக் குளத்துக்கு அங்கால்தான் மேய்ந்தது. இந்தப் பக்கம் ஒரு மாடும் இல்லை.

நான் எழும்பினதும் சேவல் பறந்துவிட்டது. புற்றின் ஓட்டைக்குள் கையை விட்டேன். பொலித்தீன் பையில் சுற்றிய சின்னக் கறுப்பு ஸ்பீக்கர். உள்ளங்கையில் அடங்கும்; பாறையைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குச் சத்தம் இல்லை. என் கைக்குள் இருந்துகொண்டே அது இன்னொரு தரம் கூவியது.

நேரே ரிஸ்வானாவிடம் போனேன். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒரே சேவல்தான்" என்றாள். அவள் முன்னாலேயே என் தாள்களை எடுத்து ஐந்தையும் ஆறையும் ஏழையும் வெட்டிவிட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கையெழுத்து வைத்தேன்.

மணிச்சத்தம் யாருடைய பட்டியின் சத்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாடிக்குப் போனோம். அடுப்பில் பால் இருந்தது. ஸ்பீக்கரைப் பலகையில் வைத்தேன்.

பூபாலப்பிள்ளை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அகப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க இரிந்த?"

"எங்க இரிந்த எண்டு உங்களுக்குத் தெரியும் அண்ணன்."

அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தார். பிறகு, யாரோடோ கதைப்பது போல அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தக் காடு போனா என்ட மாடு எங்க மேயும் ஐயா? அஞ்சு தரம் எழுதிக் குடுத்தன். ஒருத்தனும் வந்து பாக்கல்ல. கோழி பாக்க ரெண்டு பேர் வாறீங்க, விடிய விடிய வந்து குந்தியிருக்கிறீங்க. நாங்க சொன்னா ஆரு கேப்பா? கோழி சொன்னாக் கேப்பீங்க எண்டுதான் செஞ்ச."

"நான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எந்தப் பக்கம் கூவின எண்டு சொன்னன்."

"ஓம். அதால எனக்கு லேசாப் போச்சு."

அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நாள் அங்கே ஒரு சேவல் முளைத்திருக்கிறது.

"நாளண்டைக்கு எல்லாரும் வருவாங்க. அவங்களுக்கு முன்னால நீங்களாச் சொல்லுங்க அண்ணன். நான் சொன்னா அது வேற மாதிரிப் போகும்" என்றேன்.

"சொல்றன் ஐயா. நானே சொல்றன்."

ரிஸ்வானா வெளியில் வந்ததும் கேட்டாள்: "அவர் சொல்லுவார் எண்டு நினைக்கிறீங்களா சேர்?"

"சொல்லுவார்."

"எழுதி ஒப்பம் வாங்கியிருக்கலாம்."

எனக்கு அது அந்த மனிதரைக் கேவலப்படுத்துவது போல இருந்தது. பதினொரு நாள் தேத்தண்ணி குடித்திருக்கிறேன் அல்லவா? யாரை நம்ப வேண்டும், யாரைச் சோதிக்க வேண்டும் என்பதில் அந்த மாதம் முழுக்க நான் தலைகீழாகவே நின்றிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் குளக்கட்டில் கூட்டம். எங்கள் மேலதிகாரி, பிரதேசத்து அதிகாரிகள், திட்டக்காரரின் ஆள் ஒருவர், ஊரார் ஒரு இருபது பேர். திட்டக்காரரின் ஆள் கேட்டார்:

"எத்தினை சேவல் மிஸ்டர்?"

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஊரார் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏழு என்றால் காடு தப்பலாம். ஸ்பீக்கர் பெட்டி கிடைத்தது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். காட்டை நானும்தான் நேசிக்கிறேன். வாய்க்குள் ஏழு வந்து நின்றது உண்மை. ஆனால் இரண்டு நாளுக்கு முன் வெட்டிக் கையெழுத்து வைத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. அது கையில் தட்டுப்பட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"நாலு" என்றேன். "ஏழு எண்டு எழுதியிருந்தன். மூண்டு பிழை. ஆரோ பெட்டி வச்சுக் கூவ விட்டிருக்கிறாங்க. வெட்டிட்டன்."

ஊராருக்குள் ஒரு சலசலப்பு. திட்டக்காரரின் ஆள் முகம் மலர்ந்தது.

"ஆரு வச்ச?"

நான் பூபாலப்பிள்ளை அண்ணனைப் பார்த்தேன். அவர் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில், "அண்ணன், நீங்க சொல்றன் எண்டு சொன்னீங்க" என்றேன்.

அவர் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது வஞ்சகம் அல்ல, பயம். அதிகாரிகள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மேய்ச்சலுக்கு அனுமதித் துண்டு தருவதும் அவர்கள்தான், தராமல் விடுவதும் அவர்கள்தான்.

"எனக்கு இதில ஒண்டும் தெரியா" என்றார். "பெட்டிய ஐயாதான் கொண்டு வந்து காட்டின. அவருதான் வச்சிருப்பார்."

அந்த ஒரு வசனம் போதும். திட்டக்காரரின் ஆள் உடனே பிடித்துக்கொண்டார். காட்டைக் காப்பாற்றுவதற்காக உங்கள் உத்தியோகத்தரே கள்ளக் கணக்குப் போட்டார், பிடிபடப் போகிறோம் என்று தெரிந்ததும் கண்டெடுத்தது போல நடிக்கிறார், ஆகவே நாலும் வேண்டாம் ஏழும் வேண்டாம், இந்தக் கணக்கெடுப்பே செல்லாது. எங்கள் மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அது நான் நாலைந்து நாளாக ரிஸ்வானாவைப் பார்த்த அதே பார்வை.

அடுத்த திங்கட்கிழமை கந்தோரில் விசாரணை. மேலதிகாரி, திட்டக்காரரின் ஆள், நான், ரிஸ்வானா. ரிஸ்வானாவும் வாடியில் நின்று எல்லாம் கேட்டவள்தான். ஆனால் என்னோடு வேலை செய்கிறவளின் வார்த்தை தனியே போதாது என்று திட்டக்காரரின் ஆள் முதலிலேயே சொல்லிவிட்டார். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மேலதிகாரி என்னிடம் கேட்டார்: "பெட்டி கிடைச்ச நேரம் நீங்க உங்கட இடத்தில இருந்திருக்க வேணும். அந்த வெளி உங்கட இடத்தில இருந்து நல்ல தூரம். அங்க என்ன செஞ்சீங்க?"

நான் விரும்பாத கேள்வி அதுதான். காலைக்கடனுக்குப் போனேன் என்று சொல்லலாம். ஆனைச் சத்தம் கேட்டது என்று சொல்லலாம். ரிஸ்வானா எனக்கு எதிரே, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இந்தப் பிள்ளை இடத்தில இருக்கிறாளா எண்டு பாக்கப் போனன்" என்றேன். "அவட கணக்குக் குறைவா இருந்தது. நான் சந்தேகப்பட்டன்."

"எத்தினை தரம் போனீங்க?"

"ஒரு நாள். அண்டைக்கு மட்டும்."

மேலதிகாரி ரிஸ்வானாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

அவள் கைப்பையில் இருந்து களக் கொப்பியை எடுத்தாள். "நான் கதைக்கிறதவிட இத நீங்க வாசிக்கிறது நல்லம் சேர்" என்று மேசையில் வைத்தாள். மேலதிகாரி பக்கத்தைத் திருப்பிச் சத்தமாகவே வாசித்தார்.

"எட்டாம் நாள். ஆறு மணி ஒன்பது நிமிடம். பாறையின் மேற்கு நுனியில் ஆள் நடமாட்டம். சேர். மரத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். நான்கு நிமிடம். திரும்பிப் போனார்."

அடுத்த பக்கம். "ஒன்பதாம் நாள். ஆறு மணி ஐந்து நிமிடம். சேர், அதே இடம். ஏழு நிமிடம். அந்த நேரத்தில் மூன்றாவது சேவல் கூவலை நிறுத்தியது. அவர் போன பிறகு தொடங்கியது."

அதற்கும் அடுத்தது. "பதினோராம் நாள். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். சேர், வீரை மரம். மூன்றாவது சேவல் பேடுகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அசைந்தால் கலையும் என்பதால் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு நிமிடம். தெற்கே இறங்கினார்."

சேவலை எழுதிய அதே எழுத்தில், அதே அளவில், என்னையும் எழுதியிருந்தாள். நான் நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

மேலதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திட்டக்காரரின் ஆளிடம் சொன்னார்: "பெட்டி வச்சவருக்கு அது மற்றப் பக்கம் ஏன் கேக்கல்ல எண்டு தெரியும். அவர் மூண்டு தரம் போய் ஒளிச்சிருந்து, இந்தப் பிள்ளைக்கு ஏன் கேக்கல்ல எண்டு பாக்கமாட்டார். இவர் அந்தச் சேவல் உண்மை எண்டு நம்பித்தான் இருந்திருக்கிறார்."

அதோடு பெட்டிப் பழி என்னை விட்டுப் போனது. நான் மூச்சு விடுவதற்குள் அவர் என் தாள்களை எடுத்தார். எட்டாம் நாளை விரித்தார். ஒன்பதாம் நாளை விரித்தார். அவள் கொப்பியையும் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு நாள் எண்டு சொன்னீங்க."

எட்டாம் நாள் தாளில் விரலை வைத்தார்.

"போக வர, அங்க நிக்க, கால் மணித்தியாலமாவது பிடிச்சிருக்கும். இந்த மூண்டு நாளும் அந்த நேரத்துக்கு உங்கட தாளில கூவல் எழுதியிருக்கே. எங்க இருந்து கேட்டீங்க?"

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் போனதை உங்களிடமும் இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டேன். இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. திரும்பி வந்து இருந்ததும், தாளில் வெறும் கட்டங்கள் இருப்பது எனக்குக் கண்ணை உறுத்தியது. முந்தின நாள் அந்த நேரத்துக்கு எந்தச் சேவல் கூவியதோ அதையே எழுதினேன். எப்படியும் கூவியிருக்கும்தானே என்று எழுதினேன். முப்பது வருட அனுபவம், தெரியாதா என்ன? ரிஸ்வானா செய்கிறாள் என்று நான் சந்தேகப்பட்ட அதே வேலையை, அவளைப் பிடிக்கப் போன நேரத்துக்கே, நான் செய்திருக்கிறேன். பூபாலப்பிள்ளை அண்ணன் பெட்டியை வைத்துச் சேவலைக் கூவ வைத்தார். நான் பேனையை வைத்துக் கூவ வைத்தேன்.

எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. என் தாள்கள் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார்கள். ரிஸ்வானாவின் தாள்கள் அப்படியே நின்றன. திட்டக்காரரின் ஆள் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாமல், தன் ஆட்களும் பக்கத்தில் இருந்து பார்ப்பதாக இருந்தால் இன்னும் பத்து நாள் கணக்கெடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பொறுப்பு ரிஸ்வானாவுக்கு. கந்தோரில் வேறு ஆள் இல்லாததால் இரண்டாவது ஆளாக நானே போக வேண்டும்.

அதன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சேவல்தான். பாறையும் குளத்தை ஒட்டின பற்றையும் தப்பின, மேட்டுப் பக்கம் போனது. பூபாலப்பிள்ளை அண்ணன் பட்டியை அவிழ்த்துக்கொண்டு இன்னும் மேற்கே போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. அவரில் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் அவருடைய ஐந்து கடிதங்களையும் கேட்டு வாங்கி என் அறிக்கையோடு சேர்த்து அனுப்பியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

விசாரணை முடிந்த அன்று கந்தோர் வாசலில் ரிஸ்வானா ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் ஏறாவூர் போக வேண்டும். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"முதல் நாளே கண்டிருக்கிறாய். ஏன் புள்ள என்னட்டச் சொல்லல்ல?"

"நீங்க வந்து கேப்பீங்க எண்டு பாத்தன் சேர்" என்றாள். "மூண்டு நாளும் பாத்தன்."

அதற்குப் பிறகுதான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது. "ஓம் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறு கணக்கெடுப்பின் முதல் நாள், இருட்டோடு, தன்னாமுனைச் சந்திக்கு நான் அவளுக்கு முன்னாலேயே போய் நின்றேன். அவள் வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். இயந்திரத்தை நிற்பாட்டாமலே சொன்னாள்:

"இண்டைக்கு வடக்கால நீங்க இருங்க சேர். தெற்கால நான். ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நான் உங்கட பக்கம் வந்து பாப்பன். அந்த நேரம் என்ட தாள் வெறுமையாத்தான் இரிக்கும்."

"வா புள்ள" என்றேன்.

சொன்ன நேரத்துக்கு, சருகு மிதிபடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும்படி, நடந்து வந்தாள்.